எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை

ஸ்கொட்லாந்து பிரிந்து போவதா இல்லையா என்று வாக்கெடுப்பு வைத்த வருடம், டண்டீ நகரத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் மேல்வீட்டுப் பெண்ணுக்கு அதில் வாக்கு இல்லை. லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு வேலை மாறிப் போய் ஒரு வருடம்கூட நிறையாத என் தங்கைக்கு வாக்கு இருந்தது. இதைச் சொன்னால் நான் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். பிழை இல்லை. அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான் வாக்கு என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

எனக்கும் வாக்கு இல்லை. அதை முதலில் நான் பெரிதாக எடுக்கவில்லை. குடியுரிமை எடுத்த நாளில் கவுன்சில் மண்டபத்தில் கையை உயர்த்தி நான் சத்தியம் செய்தது இங்கிலாந்துக்கு அல்ல, முழு ஐக்கிய இராச்சியத்துக்கும். அந்த இராச்சியம் இரண்டாகப் போகுமா என்று கேட்கும்போது, சத்தியம் வாங்கியவர்கள் சத்தியம் செய்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகப் போகத்தான் அது உறைக்கத் தொடங்கியது.

நாங்கள் லண்டனில், டூட்டிங்கில், இரண்டாகப் பிரித்த பழைய வீடொன்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறோம். மேலே இருந்தவரைப் பிள்ளைகள் அன்ரி என்று கூப்பிட்டதால் எங்கள் எல்லாருக்கும் அவர் மேல்வீட்டு அன்ரி. பதினெட்டு வயதில் வேலை தேடி லண்டன் வந்தவர். கலியாணம் கட்டி, விவாகரத்தாகி, கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய தாய் டண்டீயில் தனியாக இருந்தார். வருடத்தில் நாலைந்து தடவை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். என்னை 'ஹென்' என்று கூப்பிடுவார். முதல்முறை கேட்டபோது கோழி என்கிறாரே என்று எனக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. அவர்கள் ஊரில் பெண்களை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது.

வாக்குப் போடச் சொல்லும் அட்டை வந்திருக்கிறது என்று தங்கை போனில் சொன்ன அன்று அன்ரி எங்கள் குசினியில், அடுப்படியில்தான் இருந்தார். எங்கள் கொதிகலன் வேலை செய்யாததால், பொதுக் குழாயைப் பார்க்க இறங்கி வந்திருந்தார். நான் போனை வைத்துவிட்டு யோசிக்காமல் சொன்னேன், "என் தங்கச்சிக்கு உங்கள் ஊரில் வாக்குக் கிடைத்திருக்கிறது."

அவர் சிரித்தார். "நல்லது. என் வீட்டிலிருந்து ஒருத்தியாவது போடட்டும்."

பிறகு குழாயைப் பார்த்தபடியே கேட்டார், "நாளைக்கு அது வேறு நாடு என்றால், நான் என் அம்மாவைப் பார்க்கப் போகும்போது யாராகப் போவேன்? வெளிநாட்டுக்காரியாகவா? இங்கே இருக்கும்போது நான் யார்?"

பாஸ்போர்ட் இரண்டும் தருவார்களாம், எல்லையில் சோதனை இருக்காதாம், இருக்குமாம் என்று பேப்பரில் ஆளுக்கொன்று எழுதிக்கொண்டிருந்த காலம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நான் வேலை செய்வது ஒரு ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் பிரிவில். தேநீர் அறையில் அந்த மாதங்களில் வேறு கதை இல்லை. எங்கள் பிரிவின் ஆங்கிலேயர்கள், நல்ல மனிதர்கள்தான், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, "போகட்டும், யாருக்கு வேணும்?" என்றார்கள். எங்கள் வரியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றார்கள். அதே வசனத்தை வேறு ஆட்களைப் பற்றி, எங்களைப் பற்றி, பஸ்ஸிலும் கடையிலும் எத்தனையோ தரம் கேட்டவள் நான்.

கணினிப் பிரிவில் வேலை செய்யும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தமிழில் மெதுவாகச் சொன்னார், "நமக்கென்னங்கக்கா இதுல? அவங்க வீட்டுச் சண்டை. நம்ம நடுவுல போய் நிக்கணுமா?"

"நானும் இந்த வீட்டிலதான் இருக்கிறன், தம்பி," என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

அந்த அறையில் என்னைப்போலக் கோபப்பட்டவர் ஒரேயொருவர். எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்த ஒரு வேல்ஸ்காரர். "அவர்கள் போனால் எங்களைத் தனியாக இங்கிலாந்துக்காரர்களிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாராளுமன்றத்தில் எங்கள் சத்தம் இன்னும் சின்னதாகிவிடும். எங்களை யார் கேட்டார்கள்?" என்று அவர் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பகிடியாகச் சொல்லவில்லை என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

அப்போது எங்கள் மேலாளர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு இதெல்லாம் பழக்கமான விஷயம்தானே. உங்கள் நாட்டிலும் பிரிவினை கேட்டார்கள், இல்லையா? நீ ஸ்கொட்லாந்துக்காரர் பக்கமாகத்தான் இருப்பாய்."

நான் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேசைக்குப் போய்விட்டேன். குண்டு விழுந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு இது 'பழக்கமான விஷயம்' என்று சொல்ல அந்த மனிதருக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் எங்கள் ஆட்களும் அதைத்தான் செய்தார்கள். என் கணவர் ஊர்ச் சங்கமொன்றின் செயற்குழுவில் இருந்தார். கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம். பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டியைப் பற்றிக் கதைக்கக் கூடியவர்கள் பத்து நிமிடத்தில் ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டார்கள். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் பெட்டியில் காகிதம் போட்டு நாடு கேட்கிறார்கள், இதுதான் நாகரிகம், அவர்கள் வென்றால் எங்கள் வழக்குக்குப் பலம் என்று ஒருவர் எழும்பி நின்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்களுக்கு அப்படியொரு பெட்டியை யார் வைத்தார்கள்?

இருந்தாலும் கேட்டேன், "என்ரை மேல்வீட்டில இருக்கிற ஸ்கொட்லாந்து மனுசிக்கு வாக்கில்லை. அவவின்ரை நாடு அது. அது நியாயமோ?"

"வெள்ளைக்காரிக்கு வக்காலத்து வாங்க வந்திட்டா அக்கா," என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். மண்டபமே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அவர்களுக்கு ஸ்கொட்லாந்தும் வேண்டாம், அங்கே இருக்கிற மனிதர்களும் வேண்டாம். தங்கள் வழக்குக்கு ஒரு உதாரணம் வேண்டும், அவ்வளவுதான்.

வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோழியின் மகளுடைய பிறந்தநாளுக்கு வந்தவள், இரண்டு நாள் எங்களோடு நின்றாள். அவள் மருந்தாளர். கணவர் ஜெர்மனியில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பையன், ஜெர்மன் குடியுரிமைக்காரர். அவருக்கும் அந்த வாக்கெடுப்பில் வாக்கு இருந்தது. ஐரோப்பிய நாட்டவர் அங்கே வசித்தால் போடலாம் என்பது சட்டம்.

சனிக்கிழமை மதியம் இறால் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தேன். அன்ரியையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அதில் எனக்கு உள்நோக்கம் ஒன்றும் இருக்கவில்லை. விருந்து நாளில் அவரை விட்டுவிட்டு நாங்கள் சாப்பிட்டது கிடையாது.

சாப்பிட்டு முடிந்ததும் அன்ரி தங்கையிடம் நேராகவே கேட்டார். "நீ என்ன போடப் போகிறாய்?"

"அது ரகசிய வாக்கு," என்று தங்கை சிரித்தபடி சொன்னாள்.

"சரி. நான் கேட்கக்கூடாதுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வேறு வேலை கிடைத்து லண்டனுக்கே திரும்பி வரலாம். நான் கடைசியில் போய்ப் படுக்கப் போவது அந்த மண்ணில். உன் கையில் இருப்பது என் வீட்டுப் பூட்டின் திறப்பு."

தங்கையின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள், மரியாதையாக, ஆனால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "நான் திரும்பி வருவேன் என்று நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்? நான் பிறந்த நாட்டில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. எழும்பு, ஓடு என்றுதான் சொன்னார்கள். லண்டனில் பத்து வருடம் இருந்தேன், இங்கேயும் கேட்கவில்லை. அங்கே போய் நாலாம் மாதம் என் கதவைத் தட்டி, இது உன்னுடைய நாடும்தான், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தரம். அதைத் திருப்பிக் கொடு என்று சொல்கிறீர்களா?"

அன்ரி தன் கோப்பையைக் கையில் எடுத்தார். "இல்லை," என்றார். "உன்னைக் கேட்டது சரி. என்னையும் கேட்டிருக்கலாம்." எழும்பித் தன் கோப்பையைத் தொட்டியில் வைத்துவிட்டு, இறால் நன்றாக இருந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டு, மேலே போய்விட்டார்.

கதவு சாத்தியதும் எனக்கும் தங்கைக்கும் சண்டை பிடித்துக்கொண்டது.

"வயசு போன மனுசியோட அப்பிடிக் கதைக்கலாமோ?"

"அவ மட்டும் என்னோட அப்பிடிக் கதைக்கலாமோ? அக்கா, நீங்கள் ஊரில என்ன கேட்டனீங்கள்? இதைத்தானே. இப்ப இன்னொருத்தன் கேட்டா உங்களுக்கு ஏன் நோகுது?"

"ஊரில எங்களை அடிச்சாங்கள். எரிச்சாங்கள். இவையை ஆர் அடிச்சது?"

"அடி வாங்கினாத்தான் கேக்கலாமோ?"

இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நாடு கேட்பதற்குத் தகுதி காயம்தான் என்று நான் நம்பியிருந்தேனா? அப்படியானால் அந்தத் தகுதியைத் தந்த பெருமை எங்களை அடித்தவர்களுக்கல்லவா. ஆனால் அன்றைக்கு இதெல்லாம் தோன்றவில்லை. "உனக்கு எல்லாம் பகிடி," என்று கத்திவிட்டு, கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினேன். மறுநாள் அவள் யூஸ்டன் நிலையத்துக்கு ரயிலேறப் போகும்போது கட்டிப்பிடித்தாள். நான் கையை விறைப்பாகவே வைத்திருந்தேன்.

முடிவு வந்த காலையில் நான் பஸ்ஸில் இருந்தேன். ஸ்கொட்லாந்து பிரியவில்லை. பக்கத்து ஆசனத்துக்காரர் போனில் செய்தியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போனார். தேநீர் அறையில் அதைப் பற்றி இரண்டே இரண்டு வசனம் பேசினார்கள். மூன்றாவது வசனம் யாருடைய பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவது என்பது. ஒரு நாடு உடைந்து போயிருக்கலாம், ஒரு மக்கள் கூட்டத்தின் பாதி மனம் உடைந்து போயிருக்கிறது, இவர்களுக்கு அது கேக்கை விடச் சின்ன விஷயமாக இருந்தது. எனக்கு வந்த கோபத்தில், தங்கை பிரிவதற்கு 'ஓம்' என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்தேன்.

அன்று பின்னேரம் மேலே போனேன். அன்ரி சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "நான் தப்பிவிட்டேன் என்று நினைக்கிறாயா, ஹென்? நான் வளர்ந்த தெருவில் பெரும்பாலும் பிரியத்தான் போட்டிருப்பார்கள். டண்டீயில் அவர்கள்தான் வென்றது. அடுத்த முறை அம்மாவைப் பார்க்கப் போகும்போது பிரியவேண்டாம் என்றிருந்த நான் அந்தத் தெருவில் எப்படி நடப்பது?"

தங்கையும் நானும் தைப்பொங்கல் வரை கதைக்கவில்லை. பிறகு அவளுக்குப் பிள்ளை வயிற்றில் என்று தெரிந்ததும் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. அதாவது, சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

இரண்டு வருடம் போக அடுத்த வாக்கெடுப்பு வந்தது. ஐரோப்பாவோடு இருப்பதா, விலகுவதா. இந்தமுறை எனக்கு வாக்கிருந்தது. அன்ரிக்கும் இருந்தது. என் கணவருக்கும் இருந்தது. தங்கையின் கணவருக்கு இல்லை. நாடு உடைவதா என்று அவரிடம் கேட்டவர்கள், அவர் அந்த நாட்டில் இருக்கலாமா என்பதே கேள்வியாக வந்தபோது அவரைக் கேட்கவில்லை.

நான் இருக்கத்தான் போட்டேன். என் கணவர் விலகப் போட்டார். வெட்கமில்லாமல் காலைச் சாப்பாட்டு மேசையில் சொன்னார், "நாங்கள் விசாவுக்கு எத்தனை வருசம் வரிசையில நிண்டனாங்கள். இந்த ஐரோப்பாக்காரர் பெட்டியோட இறங்கி வந்து அடுத்த நாள் வேலைக்குப் போயினம். நிக்கட்டும், அவையும் வரிசையில நிக்கட்டும்."

முடிவு அவர் விரும்பியபடி வந்தது. ஸ்கொட்லாந்து முழுக்க இருக்கத்தான் போட்டிருந்தது. அன்று மதிய இடைவேளையில் தங்கை போன் எடுத்தாள். பின்னால் பிள்ளை அழும் சத்தம்.

"அக்கா, நாங்கள் வேண்டாம் எண்டு சொன்னனாங்கள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து எங்களையும் இழுத்துக்கொண்டு போட்டியள். இவர் இனி இங்க இருக்கிறதுக்கு விண்ணப்பம் போடவேணுமாம். முந்தின வாக்கெடுப்பில எங்களோட நில்லுங்கோ, எங்களோட நிண்டாத்தான் ஐரோப்பாவில இருக்கலாம் எண்டு சொன்னது ஆர்? லண்டன்காரர்தானே?"

"நான் விலகப் போடேல்லை."

"அத்தான்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள். மேல்வீட்டு அன்ரி ஒரு சாப்பாட்டு மேசையில் கேட்டதைத்தான் இப்போது என் தங்கை கேட்டாள். எங்கோ இருப்பவர்கள் என் வீட்டை முடிவு செய்யலாமா? கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி ஒன்றாகவே இருந்தது. ஆனால் பதில் சொல்லவேண்டிய இடத்தில் அன்று நான் இருந்தேன், என் வீட்டுக்காரர் இருந்தார். அன்றைக்கு என் கணவரோடு நான் போட்ட சண்டையை இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த வருடங்களில் அன்ரியின் தாய்க்கு உடம்பு முடியாமல் போக, அன்ரி மேல்வீட்டை விற்றுவிட்டு டண்டீக்கே போனார். தாய் இறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். போனில் கதைப்போம். இப்போது அங்கே வாக்காளர் பட்டியலில் அவர் இருக்கிறார். அடுத்த வாக்கெடுப்பு வருமா, லண்டன் அனுமதி கொடுக்குமா என்று அங்கே வாய் ஓயாமல் பேசுகிறார்களாம். இவர் வாய் திறந்தால், 'நீ லண்டன்காரி, உனக்கென்ன தெரியும்' என்கிறார்களாம். "லண்டனில் நாற்பது வருடம் நான் ஸ்கொட்லாந்துக்காரி. இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து லண்டன்காரி," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் தங்கையின் கணவர் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தார். ஜெர்மனி சட்டத்தை மாற்றி இரண்டையும் வைத்திருக்கலாம் என்றான பிறகுதான் அதற்குச் சம்மதித்தார். கிளாஸ்கோவில் சத்தியம் செய்யும் வைபவத்துக்கு நானும் என் கணவரும் ரயிலேறிப் போனோம். தங்கை சேலை கட்டி, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். முடிந்தால் நாளைக்கே பிரிந்துவிட வேண்டும் என்று அவள் நினைக்கிற அந்த இராச்சியத்துக்குத்தான் அவள் கணவர் கையை உயர்த்தினார். என் கணவர் முன்வரிசைக்குப் போய்ப் படமெடுத்தார்.

பிறகு வீட்டில் சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும். எல்லாரும் நல்ல சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். தங்கையின் கணவர் என் கணவருக்கு இன்னொரு கரண்டி கறி போட்டபடி அமைதியாகச் சொன்னார், "உங்கடை புண்ணியத்தில நான் பிரித்தானியன் ஆயிட்டன், அண்ணை."

அவருடைய குரலில் நக்கல் இருக்கவில்லை. அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

என் கணவர் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "அண்டைக்கு நான் உம்மை நினைக்கேல்லை, தம்பி," என்றார். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் மன்னிப்புக்குக் கிட்டவாக வந்த ஒரே தடவை அதுதான்.

"அதுதான் அண்ணை. ஆரும் ஆரையும் நினைக்கேல்லை. நானும் முதல் வாக்குப் போடேக்குள்ள உங்களை நினைக்கேல்லை."

சாப்பாடு முடிந்து ஆண்கள் பிள்ளையோடு வெளியே போக, நானும் தங்கையும் குசினியில் நின்றோம். அந்த இரண்டு ஆண்களும் ஒரு பருக்கைச் சோறுபோல வழித்துவிட்டு எழும்பிப் போன விஷயம், ஒரு மனுசிக்கு வளர்ந்த தெருவை இல்லாமல் செய்தது, ஒரு குடும்பத்தை எட்டு வருடம் விண்ணப்பம், விரல் அடையாளம் என்று அலைய விட்டது. ஒருவரை ஒருவர் நினைக்காமல் போனது தற்செயலாக நடந்ததல்ல. கேள்வியைத் தயாரித்தவர்கள் இரண்டு தரமும் வாசலில் ஒரு கோட்டைக் கீறி, இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று வைத்தார்கள். உள்ளே நின்றவர்களுக்கு வெளியே நின்றவர்களை நினைக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. பிரிவது பிழை என்று நான் இப்போது சொல்ல மாட்டேன். பிரியக்கூடாது என்று சொல்லவும் எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் அதனால் வாழ்க்கை மாறப் போகிறவர்களை, எந்த ஊரில் இருந்தாலும், வாசலில் நின்றாவது ஒரு சொல் கேட்கவேண்டும். அதுகூடச் செய்யாதவர்கள் அதற்கு ஜனநாயகம் என்று பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வரும்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"வாக்கெடுப்புத் திரும்ப வந்தா நான் 'ஓம்' எண்டுதான் போடுவன், அக்கா. இப்பவே சொல்லிப்போட்டன். கோவிக்காதேங்கோ."

"கோவிப்பன்," என்றேன்.

"சரி," என்றாள் அவள். ஈரக் கையால் அடுத்த கோப்பையை எடுத்து, துடைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.